சைகை மொழியில் கணக்குப் பாடம்: எழுதி முடித்த பிறகே விளக்குங்கள்

காது கேளாத மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம், கரும்பலகையில் எழுதிக்கொண்டே விளக்குவதாகும். கேட்கும் குழந்தை பலகையைப் பார்த்தவாறே விளக்கத்தைக் காதால் பெற்றுக்கொள்ளும். இரண்டையும் கண்ணாலேயே பெற வேண்டிய குழந்தைக்கோ, எண்ணைப் பார்த்தால் சைகை தவறிவிடும், சைகையைப் பார்த்தால் எண் தவறிவிடும். ஆகவே ஒரு படியை எழுதி முடித்து, அதைப் படிக்கச் சில நொடிகள் விட்டு, மாணவர்களின் பார்வை உங்கள் பக்கம் திரும்பிய பிறகே சைகையைத் தொடங்குங்கள்.

வாக்கியக் கணக்குகளில் இன்னும் கவனம் தேவை. "கமலாவிடம் 12 மாம்பழங்கள் உள்ளன; அது ராணியிடம் இருப்பதைவிட 5 அதிகம்; ராணியிடம் எத்தனை?" என்று கேட்டால், 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதுமே கூட்டி 17 என்று எழுதிவிடும் குழந்தைகள் உண்டு. சொல்லுக்குச் சொல் சைகை காட்டுவதால் இந்தக் குழப்பம் தீராது. கமலாவை உங்கள் வலப்பக்கத்திலும் ராணியை இடப்பக்கத்திலும் நிறுத்துவதாகக் காட்டி, கமலாவின் இடத்தில் கையை உயர்த்தி 12 என்றும், ராணியின் இடத்தில் கையைத் தாழ்த்தி, இடையிலுள்ள வேறுபாடே 5 என்றும் விளக்குங்கள். கழிக்க வேண்டும் என்பதைக் குழந்தை கண்ணாலேயே கண்டுகொள்ளும். இந்திய சைகை மொழியில் வினாச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், 'எத்தனை' என்பதைக் கடைசியில் காட்டுங்கள்.

கலைச்சொற்களுக்கு, புது தில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதியைப் பார்க்கலாம். உங்கள் பள்ளியில் வேறு சைகை வழக்கில் இருந்தால், இரண்டையும் அருகருகே ஒருமுறை காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.