இலை பார்க்க பஸ் பிடிக்கிறவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் போனை நீட்டித் தன் விளம்பரத்தைக் காட்டினார். பெரிய சிவப்பு மேப்பிள் இலை, கீழே 'அல்கொன்குவின் ஒருநாள் சுற்றுலா, மதிய உணவுடன்'. அல்கொன்குவின் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பெரிய காட்டுப் பூங்கா. இலையுதிர்காலத்தில் மேப்பிள் இலைகள் சிவப்பதைப் பார்க்கச் சனம் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துப் போகும். திகதியைப் பார்த்தேன். தாங்ஸ்கிவிங் ஞாயிறு.

"ஏன் தம்பி அந்த நாள்?"

"மூண்டு நாள் லீவு எல்லோ அண்ணை. எல்லாரும் வருவினம்."

12 வருடத்துக்கு முதல் நானும் இதையேதான் சொன்னேன். அதற்குப் பிறகு நண்பர்களுக்கும் ஊர்ச் சங்கத்துக்குமாக ஒன்பது தடவை பஸ் கொண்டுபோய் வந்துவிட்டேன். ஜக்கெற் போடுங்கள், குடை கொண்டுவாருங்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்வா. பஸ் பிடிப்பவரின் காசும் மானமும் போகிற இடங்கள் வேறு.

லீவைப் பார்த்துத் திகதி வைப்பது

கனடாவில் தாங்ஸ்கிவிங் ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. அல்கொன்குவினில் சீனி மேப்பிள் மரங்கள் நல்ல சிவப்பில் நிற்பது, சராசரியாகப் பார்த்தால், செப்ரெம்பர் கடைசி வாரத்தில். ஒரு வருடம் சில நாள் முந்தும், ஒரு வருடம் பிந்தும். ஆனால் லோங் வீக்கெண்ட் வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நினைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இது தெரியாமல் போனது எப்படி என்றால், நான் என் வீட்டு ஜன்னலால் பார்த்தேன். செப்ரெம்பர் முடியப்போகிறது, எங்கள் தெரு மேப்பிள் பச்சைப் பசேலென்று நிற்கிறது. இன்னும் இரண்டு கிழமை கிடக்கு, சரி என்று முடிவுகட்டினேன். இதில் இரண்டு பிழை. ஒன்று, ரொறன்ரோ ஏரிக்கரை நகரம். கோடை முழுக்கச் சூடேறிய ஒன்ராறியோ ஏரி குளிரைப் பிந்த வைக்கும். அல்கொன்குவின் வடக்கே, ஏரிக்கரையைவிட 300 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவுக்குளிர் முந்தி வந்துவிடும். இரண்டாவது, எங்கள் தெருவில் நிற்பது சீனி மேப்பிளே இல்லை, நோர்வே மேப்பிள். இலைக்காம்பை முறித்துப் பாருங்கள், பால் வந்தால் அதுதான். அது ஒக்ரோபர் கடைசி வரை பச்சையாக நின்றுவிட்டு மஞ்சளாக மாறும். அந்த மரத்தைப் பார்த்துக் காட்டுக்குத் திகதி வைத்தவன் நான்.

அந்த முதல் பயணத்தில் 56 இருக்கை பஸ்ஸில் 54 பேர். நெடுஞ்சாலை 400-இல் கொட்டேஜ் போகிற கார்கள் எல்லாம் எங்களுக்கு முன்னால். பரி (Barrie) நகரைத் தாண்டவே பத்து மணி. ஹன்ற்ஸ்வில் தாண்டிப் பூங்காவுக்குள் நுழையும்போது பஸ்ஸுக்குள் பாட்டு நின்றுவிட்டது. முதல்நாள் இரவு காற்றும் மழையும். மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறக் கொப்புகள். முன் இருக்கை மாமி கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, இந்த விறகைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

உண்மையில் அன்றைக்கும் வண்ணம் இருந்தது. பொப்லர் மரங்கள் மஞ்சளாக நின்றன. அவை மேப்பிளுக்குப் பிறகுதான் நிறம் மாறும். ஒக்ரோபர் நடுவில் சதுப்பு நிலங்களில் தமராக் மரங்கள் பொன் நிறமாகும், அதுவும் வடிவுதான். ஆனால் விளம்பரத்தில் சிவப்பைப் போட்டவனிடம் சனம் சிவப்பைத்தான் கேட்கும். ஆளுக்கு 15 டொலர் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் எரிச்சல் அந்தக் காசில் இல்லை. பூங்கா வெளியிடுகிற இலை நிலவரத்தில் அந்தப் புதன்கிழமையே 'மேப்பிள் முடிந்தது' என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்தது திரும்பி வந்த பிறகு.

இப்போது நான் செய்வது: செப்ரெம்பர் 27-க்குக் கிட்டிய சனிக்கிழமையை ஜூன் மாதமே பஸ்ஸுக்குச் சொல்லிவிடுவேன். ஒப்பந்தம் எழுதும்போதே, அதே மணிக்கணக்குக்குள் போகுமிடத்தை மாற்றலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்குவேன். பலர் கேட்பதில்லை, கேட்டால் பல கம்பனிகள் சம்மதிக்கும். இலை பிந்தினாலும் முந்தினாலும் வடக்கே தெற்கே நகர அதுதான் வழி. தாங்ஸ்கிவிங்கை விடவே முடியாது என்றால் அல்கொன்குவினை விடுங்கள். மில்ற்றன் பக்கம், நயாகரா மலைமுகட்டில் உள்ள ரற்றில்ஸ்னேக் பொயின்ற் போன்ற இடங்களில் ஒக்ரோபர் நடுவில்தான் நல்ல நிறம். ஸ்காபரோவில் இருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கேயும் முன்பதிவு வேண்டும்.

பஸ்ஸைப் பிடித்துவிட்டுப் பேர்மிட் தேடுவது

நெடுஞ்சாலை 60 பூங்காவுக்குள்ளால் சுமார் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. நிற்காமல் கடந்துபோக அனுமதி தேவையில்லை. இறங்கி ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் தேவை. இலையுதிர்கால வார இறுதிகளில் கார்களுக்கான பேர்மிட்டே முடிந்துவிடும். பஸ்ஸுக்கு அது செல்லாது. கட்டணமும் வேறு, ஏற்பாடும் வேறு. விளம்பரம் அடிக்க முதல் பூங்காவோடு கதைத்துவிடுங்கள்.

ஐந்து இடம் இறங்கலாம் என்ற கணக்கு

54 பேர் இறங்க ஒரு பத்து நிமிடம். ஏற இருபது, ஏனென்றால் யாராவது ஒருவர் எப்போதும் வோஷ்ரூம் வரிசையில் நிற்பார். ஓர் இடத்துக்கு அரை மணி இப்படியே போனால், ஐந்து இடத்தில் எவ்வளவு மிஞ்சும்?

இரண்டு போதும். தூரங்கள் எல்லாம் மேற்கு வாசலில் இருந்து எண்ணப்படும். 43-ஆம் கிலோமீற்றரில் பார்வையாளர் நிலையம்: கழிப்பறை, பஸ் நிறுத்த இடம், பின்னால் காட்டைப் பார்க்க ஒரு பெரிய மேடை. படி ஏற முடியாத அம்மம்மாவுக்கு அந்த மேடையே போதும். கிட்டத்திலேயே பலகைப் பாதையோடு ஒரு சதுப்பு நில நடை, 1.5 கிலோமீற்றர். 39.7-இல் லுக்கவுட் நடைபாதை, 2.1 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம் கடுமை, மேலே செங்குத்துப் பாறை. சேலையும் செருப்புமாக ஏறிப் பாதியில் திரும்பிய ஒருவரைக் கைப்பிடித்து இறக்கியிருக்கிறேன். சிறு பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும்.

சாரதியும் மனிதர்தான்

ஒன்ராறியோவில் பஸ் சாரதி ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, வேலை நேரம் 14 மணித்தியாலத்தைத் தாண்டியபின் ஓட்டவே கூடாது. அந்தக் கணக்கு நீங்கள் ஏறும்போது தொடங்குவதில்லை, அவர் டிப்போவில் வேலைக்கு வந்தபோதே தொடங்கிவிடும். ஸ்காபரோவில் மூன்று இடத்தில் ஆள் ஏற்றி, ஒவ்வொன்றிலும் 'இந்தா வந்திட்டம், ஐஞ்சு நிமிசம்' என்று காத்து நின்றால், மாலையில் பரியில் தேநீருக்கு நிறுத்தச் சொல்லும்போது அவர் மணிக்கூட்டைக் காட்டுவார். அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. ஏற்றுவது ஒரே இடத்தில், காலை ஆறரைக்கு. வராதவரின் காசு திரும்பாது என்று முன்பே சொல்லிவிட்டால், அதிசயமாக எல்லோரும் ஆறேகாலுக்கே நிற்பார்கள்.

சாப்பாடு

ரோல்ஸ், மிதிவெடி (அதுவும் பொரித்த பலகாரம்தான்), புளிச்சாதம். பஸ்ஸுக்குள் குழம்பு ஏற்றாதீர்கள், காரணம் கேட்காதீர்கள்.

போனை நம்புவது

பூங்காவுக்குள் பல இடங்களில் சிக்னல் இல்லை. திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள்.

அந்தத் தம்பி முற்பணம் கட்டிவிட்டாராம். கம்பனியிடம் மில்ற்றனுக்கு மாற்றலாமா என்று கேட்கச் சொன்னேன். நேற்று வாட்ஸப்பில் எழுதியிருந்தார்: சம்மதித்துவிட்டார்களாம், காசும் கொஞ்சம் குறைகிறதாம். புது விளம்பரத்தையும் அனுப்பியிருந்தார். இடம் மாறியிருக்கிறது. அதே சிவப்பு இலை அப்படியே இருக்கிறது, முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக.