பத்தாவது முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் யுவிகா போச்சு

மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிறது என்று பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் டீக்கடையில் கேட்டால்கூடச் சொல்வார்கள். ஆனால் அதே இஸ்ரோ பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டு வாரம் தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிற யுவிகா என்று ஒன்று 2019இல் ஆரம்பித்தது என்றால் ‘அப்படியா, எப்பம்?’ என்கிறார்கள், அதுவும் பிள்ளை பத்தாவதுக்குப் போன பிறகு.

அங்கேதான் முதல் தவறு. விண்ணப்பிக்கிற வருஷம் ஜனவரி 1 அன்று ஒன்பதாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி, அது போனால் போனதுதான். விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும், முழுப்பரீட்சைப் பரபரப்பில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. இன்னொன்று, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற கணக்கில் பாதி, அதாவது 50 சதவீதம், எட்டாவது மார்க்குக்குத்தான். நம் ஊரில் ‘எட்டாவதுதானே, எப்படியும் பாஸ் போட்ருவாங்க’ என்று விட்டுவிடுகிற அதே எட்டாவது! மீதியில் ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்சிசி எல்லாம் வரும். கிராமத்துப் பள்ளிக்குத் தனி மார்க் உண்டு, ஆகவே ‘டவுன் ஸ்கூல் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும்’ என்று ஒதுங்க வேண்டாம். கண்காட்சியில் பரிசு வாங்கியதும் சான்றிதழை வாங்கி ஃபைலில் வையுங்கள், கடைசி நாளில் பீரோவைக் கவிழ்த்துத் தேடுவது பெரிய பாடு.

என் அக்கா மகன் கதையையும் சொல்கிறேன். பிரவுசிங் சென்டரில் பதிந்தோம், கடைக்காரத் தம்பி அவசரத்துக்குத் தன் மெயிலையே போட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து ‘ஏல, மெயில் வந்துச்சா?’ என்று கேட்டால், ‘எந்த மெயில் மாமா?’ என்கிறான். எங்கள் தப்புதான், பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். வீட்டு மெயிலைக் கொடுத்து, கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கண்காட்சிக்கென்று கடையில் வாங்குகிற தெர்மாகோல் ராக்கெட். பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைக்கு மத்திய அரசு பணம் தருகிற இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகிற பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும், ஆனால் அவர்கள் பார்ப்பது பிள்ளையின் சொந்த யோசனையை. நடுவர் ஒரு கேள்வி கேட்டால் ரெடிமேட் மாடல் பல்லிளித்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, துளையிட்ட கார்க்கால் இறுக அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, எட்ட நின்று மொட்டைத் திடலில் விடச் சொல்லுங்கள். முதல் தடவை குட்டிக்கரணம் போட்டு வேலிக்கருவைக்குள் விழும். வாலில் மூன்று அட்டைச் சிறகு ஒட்டினால் ஓரளவு நேராகப் போகும். எவ்வளவு தண்ணீர், எத்தனை பம்ப், எங்கே விழுந்தது என்று பிள்ளையே நோட்டில் எழுதினால் நடுவரிடம் பேச அது போதும்.

லட்சக்கணக்கில் கேட்கிற ‘நாசா டூர்’ நோட்டீஸும் பள்ளியில் வரும். போக வசதியிருந்தால் சரி, ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி. நகையை அடகு வைத்து அனுப்புகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. யுவிகாவுக்குக் கட்டணமே கிடையாது, தங்குவது, சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாம் இஸ்ரோ செலவு.

பத்தாவது படிப்பு கெட்டுப்போகுமே என்று இழுக்கிறவர்களுக்கு: அது நடப்பதே மே மாச லீவில்தான்.