தோற்ற பிறகு என்ன செய்வது? திருகோணமலை எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை) தம்பிகளுக்கு

நாக் அவுட்டில், அதாவது அடி வாங்கி நினைவு தப்பித் தோற்றிருந்தால் முதலில் உப்புவெளி மணலில் ஓடப் போகாமல் வீட்டில் இருங்கள். வெளிநாட்டில் இப்படித் தோற்றவருக்கு 60 நாள் வரை ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சிச் சண்டையைத் தடுப்பதுண்டு. தலைவலி நின்றுவிட்டது என்று பத்தாம் நாளே கையுறை மாட்டுவது விசர் வேலை.

அப்புறம் எடை. பிரேசில் வீரர் சார்ல்ஸ் ஒலிவேரா 2010இல் யூஎஃப்சி என்ற பெரிய எம்எம்ஏ அமைப்புக்கு வந்து, அங்கே எட்டுத் தோல்விகளைத் தாண்டி 2021இல்தான் லைட்வெயிட் (70.3 கிலோ) பட்டம் வென்றார், ஆனால் 2022இல் தராசில் வெறும் அரை பவுண்ட் கூடியதால் அந்தப் பட்டம் போய்விட்டது, இத்தனைக்கும் மறுநாள் சண்டையை முதல் சுற்றிலேயே முடித்தவர் அவர்தான். அதனால் 70.3 கிலோ பிரிவென்றால் எட்டு வாரத்துக்கு முன்பே சோற்றைக் குறைக்கத் தொடங்குங்கள். கடைசி நாள் நிலாவெளி வெயிலில் ஜாக்கெட் போட்டு ஓடி ஆறு கிலோ இறக்குகிறேன் என்பவனோடு சேராதீர்கள்.

காசு? பல ஒப்பந்தங்களில் சண்டையில் இறங்குவதற்கு ஒரு தொகை, வென்றால் அதே அளவு இன்னொன்று. தோற்றால் பாதிதான் கையில். சரி, பகல் வேலையை இப்போதைக்கு விடாதீர்கள்.