ஆஸ்திரேலியாவுக்குப் புதிதா? சைக்காலஜிஸ்ட்டிடம் போக முதல் படி ஜிபி

இங்கே வந்த சில மாதத்தில் பலருக்குத் தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஊரில் எதற்கும் அசராதவர்கள்கூட போன் அடித்தால் எடுக்கப் பயப்படுகிறார்கள். ஆனால் குடும்ப டாக்டரான ஜிபியிடம் போனால் தலைவலி என்று மட்டும் சொல்கிறோம், அவரும் ரத்தப் பரிசோதனை எழுதி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். தயவுசெய்து மனசில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் மாத்திரை தருவதில்லை. 50 நிமிடம் போல உட்கார்ந்து பேசுவார்: கவலை எப்போது வருகிறது, வந்தால் என்ன நினைக்கிறீர்கள், எதைத் தவிர்க்கிறீர்கள் என்று கேட்டு, அந்தச் சுழலை எங்கே உடைக்கலாம் என்று உங்களோடு சேர்ந்து பார்ப்பார், வீட்டில் செய்துபார்க்கப் பயிற்சியும் தருவார். பைத்தியம் பிடித்தவர்கள் போகிற இடம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கவுன்சலர் என்று இங்கே யாரும் போட்டுக்கொள்ளலாம், சைக்காலஜிஸ்ட் என்று போடப் பதிவு வேண்டும். மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் ஆப்ராவின் (Ahpra) இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருந்தால் ஜிபியிடம் லாங் அப்பாயின்ட்மென்ட் எடுத்து, 'மென்டல் ஹெல்த் ட்ரீட்மென்ட் பிளான்' (சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்ப ஜிபி எழுதும் மனநலச் சிகிச்சைத் திட்டம்) வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் தருவார்கள், கடந்த நாலு வாரத்தில் காரணமில்லாமல் எத்தனை தடவை களைத்துப்போனீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள். 'பரவாயில்லை' என்று குறைத்துப் போடாமல் உள்ளபடி நிரப்புங்கள். அந்தத் திட்டத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை 10 அமர்வுகளுக்கு மெடிகேர் பணம் திரும்பும், முதல் 6 முடிந்ததும் மறுபடி ஜிபியைப் பார்க்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அமர்வுக்கு 145 டாலர் அளவு, மற்ற சைக்காலஜிஸ்ட் என்றால் 100 டாலர் அளவு திரும்பக் கிடைக்கும். 200 டாலருக்கு மேல் வாங்குபவர்கள் நிறைய, அதனால் கட்டணத்தையும் பல்க் பில்லிங் (மெடிகேர் தருவதோடு சரி, நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம்) உண்டா என்பதையும் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக மெடிகேர் இல்லை, ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இலவச ஆலோசனை உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.

தமிழில்தான் பேச வரும் என்றால் 131 450ல் டிஸ் நேஷனல் (TIS National) என்ற அரசின் மொழிபெயர்ப்புச் சேவையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். உங்கள் பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள், அம்மாவின் அழுகையை ஆங்கிலத்தில் சொல்வது அந்தக் குழந்தையின் வேலை இல்லை. நம்ம சனம் சின்ன வட்டம், வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமும் நியாயம்தான். ஆனால் சொன்னதை ரகசியமாக வைப்பது சைக்காலஜிஸ்ட்டுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் கட்டாயம், உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகள்தான் விதிவிலக்கு. போரும் தடுப்பு முகாமும் கடந்து வந்தவர்களுக்கு சிட்னியில் ஸ்டார்ட்ஸ் (STARTTS), மெல்பனில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் என்ற இரண்டு அமைப்புகளும் இலவசமாகவே பார்க்கின்றன.

முதலில் பார்த்தவர் ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றலாம், மிச்ச அமர்வுகள் உங்களுடையவைதான். அதுவரை தாங்க முடியாமல் போனால் லைஃப்லைன் என்ற உதவித் தொலைபேசி 13 11 14 இரவும் பகலும் எடுக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 000.