மூன்றாவது திருகு: மின்கிட்டார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலமானால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலில் இரண்டு மூன்று கிட்டார் பைகளாவது சாய்ந்து நிற்கும். பகலில் செம்பனை ஆலையில் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன் வேலை. வீட்டுக்கு வந்தால் சாலிடரிங் அயர்ன். கோவில் திருவிழா, கல்யாணம் என்று இருபது வருஷமாக இசைக்குழுவில் வாசிப்பதால் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் எதை வாங்கினாலும் முதலில் இங்கேதான் கொண்டுவருவார்கள். வாங்குவதற்கு முன்னால் வந்தால் நன்றாக இருக்கும். யாரும் வருவதில்லை.

போன மாதம் ஒருவன் வந்தான். பையைத் திறக்கும்போதே முகத்தில் வெளிச்சம். "அண்ணே, கிப்சன் லெஸ் பால். ஒரிஜினல். 900 வெள்ளிக்கு முடிச்சிட்டேன்."

கிட்டாரின் தலையில், கம்பி சுற்றும் சாவிகளுக்கு நடுவில், மணி வடிவத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகும் இடத்தை மூடுவதற்காக வைத்தது. கிப்சனில் அந்த மூடியை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். இவனுடையதில் மூன்று. தலையின் பின்பக்கம் திருப்பினேன். அமெரிக்காவில் செய்தது என்று மரத்தில் அழுத்திப் பதித்த முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மை, அதுவும் விரல் பட்டால் மங்குகிறது. திருகின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, மூடியை யாரும் மாற்றியிருக்கலாம். ஆனால் கிப்சன் என்ற பெயரில் வரும் மின்கிட்டார்கள் அமெரிக்காவில்தான் தயாராகின்றன, புது லெஸ் பால் ஸ்டாண்டர்டு நம் காசுக்குப் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். 900 வெள்ளிக்கு யார் தருவார்? விற்றவரின் கைப்பேசி அன்றைக்கே அணைந்துவிட்டது.

அந்தப் பையனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பெயர் மேல் ஆசைப்பட்டானோ அந்தப் பெயரில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பிராண்டின் கவர்ச்சிக்குப் பின்னாலும் மரத்திலும் செம்புக் கம்பியிலும் யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவு நமக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் பெயரை வாங்குவதுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு தவறு வெட்கம். எபிஃபோன் என்று தலையில் எழுதியிருந்தால் மேடையில் மானம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அது 1957 முதல் கிப்சன் கையில் இருக்கும் பிராண்ட். லெஸ் பால் வடிவத்தை முறையான உரிமையோடு குறைந்த விலையில் தருவது அதுதான். இன்னொரு பெரிய அமெரிக்க பிராண்டான ஃபெண்டருக்கு அப்படி ஒரு தம்பி ஸ்குவையர், 1982இல் ஜப்பானில் செய்த கிட்டார்களோடு தொடங்கியது. போலிப் பெயர் ஒட்டிய கட்டையைவிட உண்மையான ஸ்குவையர் ஆயிரம் மடங்கு மேல். மேடைக்குக் கீழே நிற்கிற அத்தைக்கும் மாமாவுக்கும் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியப்போவதில்லை.

ஃபெண்டர் இரைகிறது என்று எர்த்தைப் பிடுங்காதீர்கள்

லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகுகளால் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றதும், 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இன்றைக்கும் ஏறக்குறைய அதே வடிவில் விற்கின்றன. கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தமும் செம்புச் சுருளும்) ஒற்றைச் சுருள். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தெளிந்த, மணி அடித்தாற்போன்ற ஒலி. சினிமாப் பாட்டின் பல்லவிக்குப் பின்னால் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசிக்கும்போது வயலினோடும் கீபோர்டோடும் மோதாமல் தனியாகக் கேட்கும்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு சாபம் உண்டு. சுற்றியிருக்கும் மின்சாரத்தின் இரைச்சலையும் அது சேர்த்தே பிடிக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 'ம்ம்ம்' கேட்காத கோவில் மேடை கிடையாது. சீரியல் விளக்கு, மங்கலாக்கும் ஸ்விட்ச் எல்லாம் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். இங்கே பையன்கள் செய்கிற காரியத்தைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். இரைச்சல் குறைகிறது என்று, ஒலியைப் பெருக்கும் ஆம்பின் மூன்று முனை ப்ளக்கில் எர்த் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். கிட்டார் கம்பிகள் ஆம்ப் வழியாகத்தான் எர்த்தோடு சேர்கின்றன. அந்த வழியை அறுத்துவிட்டு, ஆம்புக்குள் ஒரு கசிவும் ஏற்பட்டால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும் நேரத்தில் மின்சாரம் உங்கள் வழியாகப் போகும். இது ஆலையில் தினம் மின்சாரத்தோடு இருப்பவன் சொல்வது: எர்த்தைத் தொடாதீர்கள். சத்தம் தாங்கவில்லையென்றால் பிக்கப்பை மாற்றுங்கள், நிற்கும் இடத்தை மாற்றுங்கள், விளக்குக் கட்டுகிற அண்ணனிடம் வேறு லைன் கேளுங்கள்.

அந்த இரைச்சலுக்கு மருந்து கண்டவர் கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்தார். 'ஹம்' என்ற அந்த இரைச்சலை எதிர்ப்பதால்தான் ஹம்பக்கர் என்ற பெயரே. 1957இல் லெஸ் பாலில் ஏறியது. ஒலி தடிக்கும், டிஸ்டார்ஷனில் (ஒலியை வேண்டுமென்றே கரடுமுரடாக்குவது) நெய் விட்டாற்போல் நீளும். கம்பி நீளமும் ஃபெண்டரைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு, சுமார் 628 மில்லிமீட்டர். அதே தடிமன் கம்பியை அதே ஸ்ருதியில் கட்டினால் இறுக்கம் குறையும், விரலால் தள்ளி இழுப்பது சுலபம். கமகம் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள், மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் கிட்டார் பிரசன்னாவைக் கேட்டு ஏங்குகிறவர்கள், இந்த வித்தியாசத்தைத் தங்கள் விரலில் தெரிந்துகொண்ட பிறகே காசைக் கொடுக்க வேண்டும். இணையத்தில் படித்து இது தெரியாது. ஈப்போவுக்குப் போய் இரண்டையும் அடுத்தடுத்து மடியில் வைத்து, பி கம்பியை ஒரு முழு ஸ்வரம் இழுத்துப் பாருங்கள்.

மடியில் வைத்தால் மட்டும் போதாது, தோளிலும் மாட்டிப் பாருங்கள். லெஸ் பால் பெரும்பாலும் நான்கு கிலோவையொட்டி இருக்கும். கடையில் பத்து நிமிஷம் இனிக்கும். இரவு எட்டு மணிக்கு ஏறி பன்னிரண்டுக்கு இறங்கினால் மறுநாள் தோள் பேசும். பின்னால் சாய்ந்த அதன் தலை விழுந்தால் கழுத்தோடு சேரும் இடத்தில் பிளக்கும் என்பது ஊரறிந்த பலவீனம். அதே வடிவத்தில் இருந்த என் பழைய கிட்டார் (வேறு பிராண்ட், பெயர் வேண்டாம்) வேனில் சாய்த்து வைத்து, அதன்மேல் டிரம் பெட்டி சரிந்து, தலை வேறு உடம்பு வேறாகப் போனது. தப்பு என்னுடையது. படுக்க வைத்திருக்க வேண்டும்.

பாடகருக்குத் தொண்டை கட்டினால்

இபனெஸ் பக்கம் வருவோம். வேகமாக வாசிக்கும் பையன்களுக்கு அதுதான் குலதெய்வம். ஜப்பானின் நகோயாவில் 1908இல் தொடங்கிய ஹோஷினோ நிறுவனத்தின் பிராண்ட். 1987இல் ஸ்டீவ் வை என்ற ராக் கிட்டார் கலைஞரோடு சேர்ந்து ஜெம் மாடலை வெளியிட்டார்கள், ஆர்ஜி வரிசையும் அதே வருஷம்தான். தட்டையான, மெலிந்த கழுத்து. கை சின்னதாக இருந்தாலும் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். கவர்ச்சிக்கு நியாயமான காரணம்.

ஆனால் அந்த வரிசையில் பலவற்றில் மிதக்கும் பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம்) இருக்கும். ஒரு பக்கம் கம்பிகளின் இழுப்பு, மறுபக்கம் முதுகிலுள்ள ஸ்ப்ரிங்குகளின் இழுப்பு, நடுவில் தராசு முள்போல பிரிட்ஜ். மேல் முனையில் கம்பிகளை ஆலன் சாவியால் பூட்டிவிடுவார்கள். பிரிட்ஜிலிருந்து நீளும் கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் ஸ்ருதி அசையாது என்பது அதன் பெருமை. ராக் வாசிப்பவனுக்கு வரம். நம் கோவில் மேடையில் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஒரு தீமிதித் திருவிழா. மூன்றாவது பாட்டு முடிந்ததும் பாடகர் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அரைக் கட்டை இறக்குப்பா, தொண்டை கட்டிக்கிச்சு" என்றார். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். என் கையில் இரவல் வாங்கிய மிதக்கும் பிரிட்ஜ். பூட்டைத் திறந்து ஆறாவது கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறுகின்றன. ஐந்தாவதைச் சரி செய்தால் ஆறாவது மறுபடி ஏறுகிறது. தராசில் ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் சாயத்தானே செய்யும். நான்கு சுற்று சுற்றி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. கம்பி ஒன்று அறுந்தாலும் இதே கதை, மீதி ஐந்தும் மேலே ஏறிக்கொள்ளும். நிலையான பிரிட்ஜ் என்றால் ஐந்து கம்பியோடு சமாளித்து முடித்துவிடலாம். இபனெஸ் ஆசை இருந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே ஆர்ஜி வரிசையில் பிரிட்ஜ் அசையாத மாடல்களும் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள்.

யமஹாவைச் சொன்னால் "அது மோட்டார் சைக்கிள் இல்லையாண்ணே?" என்பார்கள். கப்சாய் மோட்டார் சைக்கிளின் மேல் இருக்கும் சின்னத்தை உற்றுப் பார்க்கச் சொல்வேன்: ஸ்ருதி பார்க்கும் மூன்று இசைக்கவைகள். ஆர்மோனியத்தில் தொடங்கிய கம்பெனி அது. 1990இல் வந்த பசிஃபிகாவில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் என்ற அமைப்பு பல மாடல்களில் உண்டு. ஒரே இரவில் மெலடியும் குத்துப்பாட்டும் வாசிக்க வேண்டிய நம் குழுக்களுக்கு இதைவிட உதவும் கிட்டாரை நான் பார்க்கவில்லை. கவர்ச்சி இல்லை, உண்மை. இந்தோனேசியாவில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கும் கோர்ட் பிராண்டுக்கும் இதே கதிதான். பேர்போன அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான பிஆர்எஸ்ஸின் விலை குறைந்த எஸ்இ வரிசையும் அதே தொழிற்சாலைக்காரர்கள் கையால்தான் வருகிறது என்று சொன்னால் பையன்கள் முகம் மாறும்.

விரல் பலகை என்ன மரம் என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். 2017இல் ரோஸ்வுட் வகைகளின் ஏற்றுமதிக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்ததும் பல கம்பெனிகள் வேறு மரத்துக்குப் போயின. 2019இல் இசைக்கருவிகளுக்குத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட வருஷத்துக் கிட்டார் என்பதால் மட்டும் அது மட்டம் ஆகிவிடாது.

கையிலிருக்கும் காசு முழுவதையும் கிட்டாரில் கொட்டிவிட்டு, டிஸ்டார்ஷன் பெடலை நேராகக் கோவில் ஒலிபெருக்கியில் செருகுவது இன்னொரு பெரும் தவறு. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெட்டிவிடும். நாம் ரசிக்கிற அந்தக் கரடுமுரடான ஒலி அப்படி வெட்டிய பிறகு மிஞ்சுவதுதான். மேடை ஒலிபெருக்கி எதையும் வெட்டாது, அதனால் தகர டப்பாவுக்குள் கொசு கத்துவதுபோல் வரும். பிறகு "இந்த பிராண்டே சரியில்லை" என்று கிட்டாரை விற்றுவிடுவார்கள். சின்ன ஆம்ப் ஒன்றை வாங்கி அதன்முன் மைக் வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அதற்கும் வழியில்லையென்றால் ஸ்பீக்கரின் வேலையைச் செய்யும் வசதி உள்ள பெடல் வாங்குங்கள்.

அடுத்தது, புதுக் கிட்டார் ஸ்ருதி நிற்கவில்லை என்று சாவிகளை மாற்றக் கிளம்புவது. கிப்சன் வகைத் தலையில் நடுக் கம்பிகள் மேல் முனைத் தடத்திலிருந்து பக்கவாட்டில் வளைந்து போகும். இழுத்துவிட்டால் அந்தத் தடத்தில் சிக்கி, திரும்பி வராது. ஃபெண்டரில் ஆறு சாவியும் ஒரே பக்கம், கம்பி நேராகப் போகும், சிக்கல் குறைவு. மருந்து ஐம்பது காசு: கம்பியைத் தூக்கி, 2பி பென்சில் முனையைத் தடத்தில் தேய்த்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பதும் கட்டாயம்.

மூன்று திருகுப் பையனுக்கும் அதைத்தான் செய்தேன். பென்சில், புதுக் கம்பி, கழுத்துக் கம்பியில் கால் சுற்று, கீச்சிட்டுக்கொண்டிருந்த ஒரு பிக்கப்புக்கு மெழுகு. கொஞ்சம் வாசித்துப் பார்த்துவிட்டு, "பேரைச் சுரண்டிடட்டுமாண்ணே?" என்றான்.

"சுரண்டினா வார்னிஷும் சேர்ந்து போயிடும். விக்கும்போது மட்டும் உண்மையைச் சொல்லி வில்லு."

போன சனிக்கிழமை வந்தபோது பெயர் அப்படியே இருந்தது. மூடியைத்தான் காணோம். கழுத்துக் கம்பியின் துளை வாயைத் திறந்துகொண்டிருந்தது. பி கம்பியை இழுத்துக் காட்டினான்; திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.