கொரியப் பரங்கிக்காய்க் கஞ்சி: ஹோபாக்ஜுக் செய்முறை

கொரியர்களுக்குக் கஞ்சி என்பது காய்ச்சல்காரர் சாப்பாடு மட்டும் இல்லை. டிசம்பரில் பகல் மிகக் குறைவாக இருக்கும் நாளில் அட்சுகி என்ற சிவப்புப் பயற்றில் கஞ்சி வைப்பார்கள். பிரசவமான பெண்ணுக்கு உடல் வீக்கம் வடியும் என்ற நம்பிக்கையில் பரங்கிக்காய் கொடுப்பார்கள். அந்தப் பரங்கிக்காயில் செய்யும் கஞ்சிதான் ஹோபாக்ஜுக். உணவகங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சிறு கிண்ணத்தில் இதைக் கொண்டுவந்து வைப்பதும் உண்டு. நம் கஞ்சியில் அரிசிதான் எல்லாம். இதிலோ காய்தான் முதலாளி, அரிசி மாவு அதைக் கூட்டிப் பிடிக்க மட்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கஞ்சி தவறாது.

நான்கு பேருக்கு வேண்டியவை: தோலோடு ஒரு கிலோ பரங்கிக்காய், ஒன்றரை கப் ஒட்டரிசி மாவு (அரை கப் கஞ்சிக்கு, ஒரு கப் அதில் போடும் உருண்டைக்கு), கால் கப் ராஜ்மா, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, தண்ணீர். அவ்வளவுதான்.

எந்தக் காய்?

கொரியாவில் இரண்டு வகையில் செய்கிறார்கள். பழைய முறையில், இலையுதிர் காலத்தில் பறித்துக் குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே வைத்திருக்கும் பெரிய முற்றிய காய், நுல்குன் ஹோபாக். வெளியே மங்கிய ஆரஞ்சு நிறம், உள்ளே நாரும் தண்ணீரும் அதிகம், இனிப்பு சுமார். இன்னொன்று கரும்பச்சைத் தோலுள்ள சின்னக் காய், தன்ஹோபாக். கடைகளில் கபோச்சா என்று விற்பது இந்த வகைதான். சதை கெட்டியாக, மாவாக, நன்றாக இனிக்கும்.

நம் ஊர்ப் பரங்கிக்காயில் பெரும்பாலானவை நுல்குன் ஹோபாக்கின் இனத்தைச் சேர்ந்தவையே. அதனால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முற்றியதாக இருக்க வேண்டும்: நகம் இறங்காத தோல், காய்ந்த காம்பு, அடர் ஆரஞ்சுச் சதை. சாம்பாருக்கு வாங்கும் இளங்காயில் செய்தால் வெளிறிய, சப்பென்ற கஞ்சிதான் கிடைக்கும்.

முதல் நாள் இரவு

ராஜ்மாவை ஊறவையுங்கள். மறுநாள் தண்ணீரை மாற்றிக் குக்கரில் நன்றாகக் குழைய, ஆனால் உடையாமல் வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றுக்கு ஆகாது, அதனால் இதில் அவசரம் வேண்டாம். கொரியாவில் சிவப்புப் பயறும் போடுவார்கள். அது கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி பொருந்தும்.

காயை வேகவைத்தல்

நான்காக வெட்டி விதையையும் நாரையும் வழித்துவிடுங்கள். தோல் கல்லாக இருந்தால் பத்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டுச் சீவுங்கள், கை பிழைக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் பச்சை ஓரத்தையும் சேர்த்துத் தடிமனாகவே சீவ வேண்டும். அது சேர்ந்தால் பொன்னிறம் கலங்கிவிடும்.

துண்டுகளோடு மூன்று கப் தண்ணீர் விட்டு மூடி, கரண்டியால் அழுத்தினால் மசியும்வரை வேகவிடுங்கள், சுமார் இருபது நிமிடம். நம் பரங்கிக்காய் நிறையத் தண்ணீர் விடும் என்பதால் அதற்கு இரண்டு கப் போதும். ஆறிய பிறகு மிக்ஸியில் மைய அரையுங்கள். சூடாக அடித்தால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும்.

ஒட்டரிசி உருண்டை

எனக்கு இந்தக் கஞ்சியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொரியாவில் சேயல்ஷிம் என்பார்கள். பல்லில் இழுபடும் குட்டி உருண்டைகள், கஞ்சியின் வழவழப்புக்கு நடுவே வரும்போது அவ்வளவு சுகம்.

ஒட்டரிசி மாவு தாய்லாந்துத் தயாரிப்பாக நகரக் கடைகளில் கிடைக்கிறது. பாக்கெட்டில் ‘குளூட்டினஸ் ரைஸ் ஃப்ளோர்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண அரிசி மாவில் உருண்டை இழுபடாது, கஞ்சியும் ஆறினால் களி மாதிரி இறுகிவிடும். ஆறியதும் இறுக வைப்பது மாவுச்சத்தில் இருக்கும் அமைலோஸ் என்ற பகுதி. ஒட்டரிசியில் அது கிட்டத்தட்ட இல்லை.

ஒரு கப் மாவில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கொதிக்கும் நீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கிளறுங்கள். ஆறு ஏழு மேசைக்கரண்டி பிடிக்கும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அரிசி மாவு சேராமல் வெடிக்கும். வெந்நீர் பட்டதும் மாவில் ஒரு பகுதி வெந்து பசையாகிறது, அதுதான் பிடிப்பு. கை பொறுக்கும் சூட்டில் காது மடல் போல மென்மையாகும்வரை பிசைந்து, கோலிக்குண்டை விடச் சிறிதாக உருட்டுங்கள். கொதிநீரில் போட்டு, மிதந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டாது.

சேர்த்துக் காய்ச்சுதல்

அரைத்த விழுதை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். மீதி அரை கப் மாவை அரை கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். விழுது கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கரைசலை மூன்று தடவையாக, கிளறிக்கொண்டே விடுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் கட்டி தட்டும்.

இனி ஏழெட்டு நிமிடம் அடி பிடிக்காமல் கிளற வேண்டும். கெட்டியாகும்போது குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், நீளமான மரக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மாவு வாசம் போய், கரண்டியிலிருந்து தடிமனாக விழுந்தால் பதம் சரி. அப்புறம் உப்பு, பிறகு சர்க்கரை. காய் நன்றாக இனித்தால் சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். கடைசியாக ராஜ்மாவும் உருண்டையும் சேர்த்து இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள்.

ருசி பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விடாதீர்கள். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கரைத்து, கஞ்சியை நீர்க்க வைத்துவிடும்.

ஏலக்காய், தேங்காய்ப்பால், நெய் எதுவும் வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். கை அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். ஆனால் அவை வந்துவிட்டால் பாயசம் ஆகிவிடும், காயின் வாசம் காணாமல் போகும். மேலே நாலு பைன் கொட்டை போடுவது கொரிய வழக்கம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

சூடாகவும் சாப்பிடலாம், ஆறியும் சாப்பிடலாம். அங்கே தொட்டுக்கொள்ள முள்ளங்கியைப் புளிக்கவைத்த நீர்க் கிம்ச்சி, தோங்சிமி, வைப்பார்கள். இனிப்புக்கு நடுவே அந்தப் புளிப்பும் குளிர்ச்சியும் பிரமாதமாகச் சேரும்.

மீந்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். சூடுபடுத்தும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். உருண்டை மட்டும் ஃப்ரிட்ஜில் இறுகிவிடும், அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வேகவைத்துச் சேருங்கள்.