கொள்ளுத் தீனியைக் கூட்டியும் குதிரை இளைத்தது ஏன்? – என் அனுபவம்

அந்தியூர் சந்தையில் வாங்கிய எங்கள் பெண் குதிரைக்கு இப்போது 16 வயது. போன மாதம் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. குடற்புழு மருந்து கொடுத்தோம், மாற்றமில்லை. கொள்ளு அளவைக் கூட்டினோம், சாணம் இளகியதுதான் மிச்சம். சரி, புல்லில்தான் கோளாறு என்று அதையும் மாற்றினோம். மூன்று வாரம் வீண்.

ஒருநாள் லாயம் கூட்டும்போது தொட்டியடியில் எலுமிச்சை அளவில், எச்சிலில் ஊறிய புல் உருண்டைகள் கிடந்தன. அதுவரை குப்பையோடு தள்ளியிருக்கிறேன். அவை பாதி மென்று துப்பியவை. சாணத்தைக் கிளறினால் கொள்ளு முழுசு முழுசாக இருந்தது.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். பல்லும் வயதான பிறகுகூட மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும். அதனால் கீழ்ப்பல்லோடு உரசித் தேயாத மேல்பல்லின் வெளி ஓரம் கத்தியாகிக் கன்னத்தைக் கிழித்திருந்தது. பாவம், வலியோடுதான் மென்றிருக்கிறது.

மயக்க ஊசி போட்டு அரத்தால் ராவினார். அப்புறம் பத்து நாளைக்கு, ஊறவைத்த கொள்ளும் நறுக்கிய பசும்புல்லும்தான். மூன்றாம் நாளே உருண்டை விழவில்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.